தாக்கல் செய்யாததால் கைவிட்டுப் போகும் காசு: ஸ்காபரோவில் வரிக்கணக்கு உதவி

மாலைத் தன்னார்வலர் | 2025 பெப்ரவரி 9, இரவு 10.40

வணக்கம் உறவுகளே.

ஸ்காபரோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடைபெறும் இலவச வரிக்கணக்கு உதவி நிலையம் ஒன்றில் இது எனக்கு ஆறாவது ஆண்டு. கனடா வருவாய் முகவரகத்தின் சமூகத் தன்னார்வலர் வருமானவரித் திட்டத்தின் கீழ் இயங்கும் நிலையம் அது. வருமானம் குறைந்த, கணக்குச் சிக்கலற்ற குடும்பங்களுக்கு நாம் ஒரு சதமும் வாங்காமல் கணக்கை எழுதி அனுப்புகிறோம். 1971 முதல் நாடெங்கும் நடந்துவரும் இத்திட்டம் பற்றி நம்மவர்களிற் பலருக்கு இன்னமும் தெரியாது.

கடந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில், கதவைப் பூட்டும் நேரத்தில், ஓர் அக்கா வந்தார். இரவில் வெதுப்பகம் ஒன்றில் பாண் பொதி செய்யும் வேலை. கையில் ஒரு கடைப்பை. அது நிறையப் பழுப்பு நிற உறைகள். அவற்றில் ஒன்றுகூடப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. மூன்று ஆண்டுகளாகத் தாக்கல் செய்யவில்லை என்றார். காரணம் கேட்டபோது, "நான் உழைக்கிறதே கொஞ்சக் காசு தம்பி, கட்டுறதுக்கு வரியும் இல்லை, பிறகு என்னத்துக்கு எழுதுவான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மேசையில் வைத்து உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இரண்டாவது உறையிலேயே, வரிக்கணக்கு வந்து சேராதபடியால் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தின் திகதிக்கு அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. இந்த இரண்டு ஆண்டுகளிலும் அவர், தமக்குத் தகுதியில்லாமற் போய்விட்டதென்று நம்பி, வாரத்தில் ஆறு இரவுகள் வேலைக்குப் போயிருக்கிறார்.

வரிக்கணக்கு என்றால் அரசுக்குக் காசு கட்டுகிற காரியம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். குறைந்த வருமானத்தில் உழைக்கும் குடும்பத்துக்கு இந்நாட்டில் அது விண்ணப்பப் படிவம். தொழிலாளர் கொடுப்பனவு, ஜி.எஸ்.ரி. காசு (பொருள், சேவை வரிக்கு ஈடாகத் தருவது), ஒன்ராறியோவின் ரில்லியம் கொடுப்பனவு, பிள்ளைக் காசு எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கை வைத்துத்தான் கணிக்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் தாக்கல் செய்யவேண்டும். ஒருவர் செய்து மற்றவர் விட்டுவிட்டாலும் பிள்ளைக் காசு நின்றுவிடும்.

இந்த ஆண்டு எங்கள் நிலையத்தின் நேரத்தையும் முறையையும் மாற்றவேண்டும் என்று நினைக்கிறோம். உங்களை, உங்கள் வீட்டாரை, உங்களோடு வேலைசெய்பவர்களைத் தாக்கல் செய்யவிடாமல் தடுப்பது எது? அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

பழைய கணக்காளர் | 2025 பெப்ரவரி 10, காலை 7.15

மிக அவசியமான இழை. தொகைகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒன்ராறியோவில் வசிக்கும் ஒரு குடும்பம். கணவர் மட்டும் வேலைக்குப் போகிறார், 2024-இல் 34,000 டொலர் உழைத்தார். பிள்ளைகள் இருவர், ஒருவருக்கு 4 வயது, மற்றவருக்கு 9. 2025 யூலை முதல் 2026 யூன் வரையிலான பிள்ளைக் காசு, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 7,997 டொலர், மூத்ததற்கு 6,748 டொலர். குடும்பத்தின் நிகர வருமானம் 37,487 டொலரைத் தாண்டாதவரை முழுத்தொகையும் கிடைக்கும். ஆகவே இவர்களுக்கு ஆண்டுக்கு 14,745, மாதத்துக்கு ஏறத்தாழ 1,229 டொலர்.

கனடா தொழிலாளர் கொடுப்பனவு 2024-ஆம் ஆண்டுக்கு, குடும்பத்துக்கு 2,739 டொலர் வரை, தனியாளுக்கு 1,590 டொலர் வரை. 3,000 டொலருக்கு மேல் உழைத்த பின்னரே அது கணக்கில் ஏறத் தொடங்கும். குடும்ப வருமானம் 29,833 டொலரைக் கடந்ததும், கடந்த தொகையில் 15 சதவீதம் குறைப்பார்கள். இந்தக் குடும்பம் கடந்தது 4,167 டொலர். அதில் 15 சதவீதம் 625. மிஞ்சுவது 2,114 டொலர். 2025 யூலை முதலான ஆண்டுக்கு ஜி.எஸ்.ரி. காசு தம்பதிக்கு 698, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 184, ஆக 1,066 டொலர், நான்கு தவணைகளில். ரில்லியத்தின் ஒரு பகுதியான ஒன்ராறியோ விற்பனைவரிக் கொடுப்பனவு அதே காலத்துக்கு ஆளுக்கு 371 வீதம் 1,484 டொலர்.

கூட்டிப் பாருங்கள், 19,409 டொலர் வருகிறது. வாடகையை வைத்துக் கணிக்கும் பகுதியை நான் இதிற் சேர்க்கவேயில்லை. 34,000 டொலர் உழைக்கும் வீட்டில் இந்தத் தொகை வருகிறதா இல்லையா என்பது, பிள்ளைக்குக் குளிர்காலச் சப்பாத்து இப்போது வாங்குவதா அடுத்த சம்பளத்துக்குப் பிறகு வாங்குவதா என்பது வரை தீர்மானிக்கும்.

நம்மவர் மட்டும் இப்படி விடுவதாக யாரும் எண்ணவேண்டாம். கார்ல்ற்றன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிபர் றொப்சன், சோல் சுவாட்ஸ் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கனடியரில் ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதத்தினர் தாக்கல் செய்வதில்லை. உழைக்கும் வயதினர் அவ்வாறு கைவிட்ட கொடுப்பனவுகளின் மதிப்பு 2015-இல் மட்டும் ஏறத்தாழ 170 கோடி டொலர்.

நல்லூரான் | 2025 பெப்ரவரி 10, இரவு 9.05

ஐயா, என்னுடைய நிலைமைக்கும் ஒரு வழி சொல்லுங்கள். நான் 2022-இல் அகதிக் கோரிக்கையோடு வந்தேன். சென்ற ஆண்டு ஏற்றுக்கொண்டார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னமும் யாழ்ப்பாணத்தில். பொதி ஏற்றி இறக்கும் வேலை. வந்த நாளிலிருந்து தாக்கல் செய்யவில்லை. வழக்கு முடியும் முன்னர் அரசாங்கத்திடம் எதையும் வாங்கினால் அது வழக்கைப் பாதிக்கும் என்று அறையில் இருந்த நண்பர்கள் சொன்னார்கள். அந்தப் பயத்தில் இருந்துவிட்டேன். இப்போது மூன்று ஆண்டுகளுக்கும் தண்டம் கட்டவேண்டி வருமா?

பழைய கணக்காளர் | 2025 பெப்ரவரி 10, இரவு 10.20

தம்பி, முதலில் தண்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தாமதத் தண்டம் என்பது நீங்கள் கட்டவேண்டிய மீதி வரியில் 5 சதவீதமும், அதன்மேல் மாதத்துக்கு ஒரு சதவீதமும். கட்டவேண்டிய மீதி இல்லாதவருக்குத் தண்டமும் இல்லை. சம்பளத்திலேயே வரியைக் கழித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அவர்கள்தாம் உங்களுக்குத் திருப்பித் தரவேண்டியிருக்கும்.

வழக்கைப் பற்றிய பயம் வேண்டாம். வரித் தகவல் சட்டப்படி இரகசியமாகக் காக்கப்படுவது. தாக்கல் செய்யாமல் விடுவதே பிற்காலத்தில் உங்களை இழுத்தடிக்கும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, தாக்கல் செய்யவேண்டிய கடமையிருந்தவர் ஐந்து ஆண்டுகளில் மூன்றுக்காவது செய்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள்.

அடுத்தது மனைவி, பிள்ளைகள். திருமண நிலை என்ற இடத்தில் மணமானவர் என்றே எழுதுங்கள். மனைவி ஊரில் இருப்பதால் தனியாள் என்று போடுவது நம்மவரிடையே மிக வழக்கமான பிழை. பிற்காலத்தில் அவரை இங்கே அழைக்கும் விண்ணப்பத்தில் அது முரணாக நிற்கும். கனடாவில் வசிக்காத துணையின் வருமானத்தைத் தெரிவிப்பதற்கென்றே சி.ரி.பி.9 என்ற படிவம் இருக்கிறது; வருமானம் இல்லையெனில் பூச்சியம் என்று எழுதலாம். பிள்ளைகள் உங்களோடு வசிக்காதவரை பிள்ளைக் காசு கிடைக்காது. அவர்கள் வந்திறங்கிய கையோடு, பிள்ளைக் காசுக்கு விண்ணப்பிக்கும் ஆர்.சி.66 படிவத்தை அனுப்பிவிடுங்கள். அதற்கு அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜி.எஸ்.ரி. காசு வேறு வகை. இங்கே வதிபவராகக் கருதப்பட்ட காலத்திலிருந்து, கோரிக்கை நிலுவையில் இருந்தபோதே, உங்களுக்கு அது உரியது. ஆண்டு முழுவதும் இங்கே வசித்து 3,000 டொலருக்கு மேல் உழைத்த ஆண்டுகளுக்கு, வருமானம் எல்லைக்குள் இருந்தால், தொழிலாளர் கொடுப்பனவையும் பார்ப்பார்கள். பழைய ஆண்டுகளைப் பத்து ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால் எதுவும் கைவிட்டுப் போகவில்லை.

மார்க்கம்வாசி | 2025 பெப்ரவரி 12, மாலை 6.30

எல்லோரும் பேசத் தயங்கும் ஒன்றை நான் பேசுகிறேன். என் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சென்ற ஆண்டு வாடகைச் சீட்டுக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. அந்த வாடகையை நான் என் கணக்கிற் காட்டியிருக்கவில்லை என்பதே காரணம். வீட்டுக் கடனின் வட்டி இரண்டு மடங்கான நேரம் அது. அந்தத் தங்கச்சி பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. படியில் என்னைக் காணும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். இந்த இழையை வாசித்த பிறகு அது மனத்தை உறுத்துகிறது. சீட்டுக் கொடுக்காததால் அவர்கள் உண்மையில் எவ்வளவு இழந்திருப்பார்கள்?

மாலைத் தன்னார்வலர் | 2025 பெப்ரவரி 12, இரவு 11.10

அண்ணா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. எங்கள் மேசைக்கு வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் நிலக்கீழ்த் தளத்திலிருந்து வருகிறவர்கள் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

ரில்லியம் கொடுப்பனவில் விற்பனைவரிப் பகுதி, எரிசக்தி மற்றும் வீட்டுவரிப் பகுதி என்று உண்டு. முதலாவது தாக்கல் செய்தாலே கணக்கில் வரும். இரண்டாவது, ஒன்-பென் என்ற படிவத்தில் முகவரி, எத்தனை மாதம் இருந்தார், எவ்வளவு வாடகை கட்டினார், வீட்டுக்காரரின் பெயர் என்ன என்பதை எழுதினால் மட்டுமே வரும். வாடகையின் 20 சதவீதத்தை வீட்டுவரிக்கு ஈடாக எடுத்துக் கணிப்பார்கள். மாதம் 1,500 டொலர் வாடகை கட்டும் குடும்பத்துக்கு ஆண்டில் பல நூறு டொலர் வித்தியாசம் வரும். அந்தப் படிவத்தை நிரப்பாமல் விட்டதால், விற்பனைவரிப் பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு அதுவே முழுத்தொகை என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம். காசு கொடுத்து எழுதுவித்த கணக்குகளிலும் அப்பகுதி வெறுமையாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது, தாக்கல் செய்யும்போது சீட்டை அனுப்பத் தேவையில்லை என்பதே. முகவரகம் பின்னர் கேட்டால் ஆதாரம் காட்டவேண்டும். சீட்டு இல்லையெனில் வங்கிவழி அனுப்பிய பணத்தின் பதிவுகள், காசோலைப் பிரதி, வாடகை ஒப்பந்தம் ஆகியவை துணைநிற்கும். கையில் காசாகவே கொடுத்து எந்தப் பதிவும் இல்லாதவர்கள்தாம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே இந்த மாதத்திலிருந்தே வாடகையை வங்கிவழி அனுப்பத் தொடங்குங்கள்.

உங்களுக்கும் ஒன்று, அண்ணா. வாடகையைக் காட்டினால் முழுவதற்கும் வரி கட்டவேண்டும் என்பதில்லை. வாடகைக்கு விட்ட பகுதியின் விகிதத்தில் வீட்டுக் கடன் வட்டி, வீட்டுவரி, காப்புறுதி, மின்சாரம் ஆகியவற்றைக் கழித்த பின்னர் மிஞ்சுவதற்கே வரி. பழைய ஆண்டுகளைத் தாமாக முன்வந்து திருத்துவதற்கும் முகவரகத்தில் ஒரு திட்டம் உண்டு. நல்ல கணக்காளர் ஒருவரோடு பேசுங்கள்.

இரவுவேலை | 2025 பெப்ரவரி 14, அதிகாலை 4.50

இடைவேளையில் இருந்து எழுதுகிறேன். நான் தனித்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். ஆள்சேர்க்கும் ஏஜென்சிகள் மூலம் வேலை. சென்ற ஆண்டு மூன்று ஏஜென்சிகள், ஆகவே சம்பளத்தையும் கழித்த வரியையும் காட்டும் ரி4 படிவங்கள் மூன்று வரவேண்டும். ஒரு ஏஜென்சி இடம் மாறிவிட்டது. அந்தப் படிவம் வரவேயில்லை. படிவம் முழுமையாக இல்லாமல் எழுதினால் பிழை பிடிப்பார்கள் என்று அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

இலவச உதவி இருக்கிறது என்று தெரியும். ஆனால் நான் பார்த்தவை எல்லாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அது எனக்கு நித்திரை கொள்ளும் நேரம். ஆகவே முன்னர் ஒருமுறை கடையொன்றுக்குப் போனேன். உடனே கையில் காசு தருவதாகச் சொன்னார்கள். 2,000 டொலருக்கு மேல் மீளவரவேண்டியிருந்தது. எனக்குத் தந்தது 1,600. ஏன் என்று கேட்க எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, துணிவும் வரவில்லை.

பழைய கணக்காளர் | 2025 பெப்ரவரி 14, காலை 8.40

தங்கச்சி, மனம் வருந்துகிறது. மீளளிப்பை முன்கூட்டித் தருகிறவர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. முதல் 300 டொலருக்கு 15 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம், அவ்வளவுதான் உச்சம். 2,000 டொலருக்கு 45-உம் 85-உம் சேர்ந்து 130 டொலர். உங்களிடம் எடுத்தது அதன் மூன்று மடங்கு. அங்கே கையெழுத்திட்ட பத்திரம் ஏதேனும் இருந்தால் எடுத்து வையுங்கள், பார்க்கலாம். இணையவழித் தாக்கல் செய்து நேரடி வைப்பும் பதிந்திருந்தால் மீளளிப்பு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வங்கிக்கு வந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வராத ரி4 பற்றிக் கவலை வேண்டாம். முதலாளி அனுப்பியிருந்தால் அதன் பிரதி முகவரகத்தின் கணினியில் இருக்கும். உங்கள் அனுமதியோடு நிலையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அங்கும் இல்லையெனில் சம்பளத் துண்டுகளைக் கூட்டி எழுதலாம். ஒரு படிவத்துக்காக முழுக்கணக்கையும் நிறுத்திவைப்பதில்தான் இழப்பு அதிகம்.

கிளிநொச்சியான் | 2025 பெப்ரவரி 15, பிற்பகல் 1.00

எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. உணவகங்களில் பாதிச் சம்பளம் ரி4-இலும் பாதி கையிற் காசாகவும் வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் குறைந்த வருமானத்தைக் காட்டிக் கொடுப்பனவை முழுதாக வாங்குகிறார்கள். நீங்கள் எல்லோருக்கும் கணக்கு எழுதிக்கொடுப்பது அதற்குத் துணைபோவதாக ஆகாதா? உண்மையாக முழுவதையும் காட்டி வரி கட்டும் என்னைப் போன்றவர்களுக்கு மனம் நோகிறது.

மாலைத் தன்னார்வலர் | 2025 பெப்ரவரி 15, இரவு 9.30

கேள்வி நியாயமானது. கையில் வாங்கிய காசையும் எழுதவேண்டும் என்று மேசைக்கு வரும் எல்லோரிடமும் நாம் சொல்கிறோம். உண்மையைச் சொல்ல மறுப்பவரின் கணக்கை எழுதுவதில்லை. இதில் எங்களுக்குள் இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் யார் இங்கே ஏமாற்றப்படுகிறார் என்பதையும் பார்க்கவேண்டும். பாதியைக் கையில் கொடுப்பது பெரும்பாலும் முதலாளியின் விருப்பம். மேலதிகநேரச் சம்பளமும் ஓய்வூதியப் பங்களிப்பும் அவருக்கு மிச்சமாகின்றன. வேலை போகும்போது வேலையிழப்புக் காப்புறுதிக்கு மணித்தியாலங்கள் போதாமல் நிற்பவர் அந்தத் தொழிலாளி. அதோடு, வருமானத்தை மறைத்தால் எப்போதும் இலாபம் என்பதும் பிழை. ரி4-இல் 5,000 டொலர் மட்டும் காட்டும் தனியாளுக்குத் தொழிலாளர் கொடுப்பனவு 540 டொலர்தான். அவர் உழைத்த 9,000 டொலரையும் காட்டியிருந்தால் முழுத்தொகையான 1,590 டொலர் வந்திருக்கும். மேசையில் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும், முழுவதையும் எழுதுங்கள் என்று தாமாகவே சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா | 2025 பெப்ரவரி 17, காலை 11.25

என் அனுபவம் வேறு. 2021-இல் நானும் கணவரும் பெரிய சண்டையில் மூன்று வாரம் பிரிந்திருந்தோம். அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர், பிரிந்தவர் என்று பதிந்தால் பிள்ளைக் காசு கூட வரும் என்று சொல்லிப் பதிந்தும் தந்தார். நாம் சேர்ந்த பிறகு அதை மாற்றவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துக் கடிதம் வந்தது. வீட்டு ஒப்பந்தம், பள்ளிக்கூடக் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டிருந்தார்கள். விளங்காமல் வைத்துவிட்டேன். பிறகு எல்லாக் காசையும் திருப்பிக் கேட்டார்கள்; அடுத்த மாதக் காசிலிருந்தே கழிக்கவும் தொடங்கினார்கள். மகனின் நீச்சல் வகுப்பை அந்த மாதம்தான் நிறுத்தினேன்.

சட்டச் சேவை நிலையத்தில் ஒரு பெண் பொறுமையாக இருந்து எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். தொண்ணூறு நாட்களாவது தொடர்ந்து பிரிந்து வாழ்ந்தால்தான் அது பிரிவு. ஆர்.சி.65 படிவத்தில் நிலையைத் திருத்தினோம். கடனைச் சிறு தவணைகளாகக் கட்டவும் ஒழுங்கு செய்தார். உங்கள் நிலையத்தில் கணக்கை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று இருக்காமல், பிறகு வரும் கடிதங்களையும் வாசித்துச் சொல்ல ஒருவரை வையுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இடி விழுவது அந்தக் கடிதங்களில்தான்.

சாரதி | 2025 பெப்ரவரி 17, இரவு 11.55

ஊபர் ஓட்டுகிறேன். இலவச நிலையம் ஒன்றில் என் கணக்கை எடுக்க மறுத்துவிட்டார்கள். ஏன்?

பழைய கணக்காளர் | 2025 பெப்ரவரி 18, காலை 7.30

சுயதொழில், வாடகை வருமானம், சொத்து விற்ற இலாபம் போன்றவை பொதுவாகத் தன்னார்வலர் திட்டத்துக்கு வெளியே உள்ளவை. பயணிகளை ஏற்றி ஓட்டுகிறவர் முதல் டொலரிலிருந்தே ஜி.எஸ்.ரி.க்குப் பதிந்திருக்கவேண்டும், 30,000 டொலர் வரை பதிவு தேவையில்லை என்ற விதி உங்களுக்குப் பொருந்தாது. உணவு மட்டும் விநியோகிப்பவருக்கு அது பொருந்தும். நீங்கள் கணக்காளர் ஒருவரிடமே போங்கள். கிலோமீற்றர்க் குறிப்பேட்டையும் பெற்றோல், காப்புறுதி, பழுதுபார்த்த சீட்டுக்களையும் கொண்டுபோங்கள். சுயதொழிலுக்குக் கடைசி நாள் யூன் 15 என்றாலும், வரி கட்டவேண்டியிருந்தால் ஏப்ரல் 30-க்குப் பின்னர் வட்டி ஓடும். தொழிலாளர் கொடுப்பனவில் பாதியை யூலை, ஒக்ரோபர், ஜனவரி என்று முற்பணமாகத் தருகிறார்கள். சென்ற ஆண்டு அதை வாங்கியிருந்தால் ஆர்.சி.210 என்ற துண்டு வந்திருக்கும், அதையும் மறவாதீர்கள்.

மாலைத் தன்னார்வலர் | 2025 பெப்ரவரி 23, மாலை 5.45

உங்கள் பதில்களை அச்சிட்டு நேற்றைய கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். 2022-இல் கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர், எளிதில் எட்டாத மக்களிடம் கொடுப்பனவுகளைக் கொண்டுசேர்க்க எடுக்கும் முயற்சிகள் உண்மையிற் பயன் தருகின்றனவா என்பதே அரசுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அறிக்கை எழுதினார். நாமும் அதே தவறைத்தான் செய்துவந்தோம். எத்தனை கணக்கு எழுதினோம் என்று எண்ணினோமே தவிர, வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

மார்ச் 3 முதல், செவ்வாயும் வியாழனும் பிற்பகல் மூன்று மணிமுதல் இரவு ஒன்பது வரை இருப்போம். இரவு வேலைக்குப் போகிறவர்கள் போகும் வழியில் வரலாம். ஏப்ரலோடு பூட்டிவிடாமல் மாதத்தில் ஒருநாள் கடிதம் வாசிப்பதற்கென்றே ஒரு மேசை. அந்த மேசைக்கு எந்த உறையையும் பிரிக்காமலே கொண்டுவரலாம். காசு தொடர்பான விடயத்தை அயலவர் கேட்கும்படி பேசவேண்டியிருக்கிறது என்று சிலர் தனிமடலில் எழுதியிருந்தார்கள். மேசைகளுக்கிடையே மறைப்பு வைக்கிறோம். நம்முடைய ஊரவர் ஒருவரிடமே வருமானத்தைச் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு, வேறு சமூகத்தைச் சேர்ந்த தன்னார்வலரும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் என்ற தெரிவும் இருக்கும்.

வரும்போது சின் (சமூகக் காப்புறுதி) இலக்கமுள்ள பத்திரம், அடையாள அட்டை, கையில் உள்ள ரி4, ரி4ஏ போன்ற துண்டுகள், வாடகை கட்டிய விபரம், பிள்ளைப் பராமரிப்புச் சீட்டுக்கள், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ஏதேனும் குறைந்தாலும் வாருங்கள்.

மார்க்கம்வாசி | 2025 மார்ச் 2, மாலை 7.10

கணக்காளரைப் பார்த்துவிட்டேன். 2024-க்கான பன்னிரண்டு மாதச் சீட்டையும் எழுதி நேற்றுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தைய ஆண்டுக்கும் தரமுடியுமா என்று தங்கச்சி கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரவுவேலை | 2025 ஏப்ரல் 11, அதிகாலை 5.05

மூன்று வாரத்துக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில் வந்தேன். தொலைந்த ரி4 கணினியிலேயே இருந்தது. இரண்டு ஆண்டுக் கணக்கையும் அன்றே அனுப்பினார்கள். நேற்று வங்கிக்கு ஒரு தொகை வந்தது. நின்றுபோன பிள்ளைக் காசு பின்னோக்கிக் கணித்து வரும் என்று கடிதமும் வந்திருக்கிறது. அந்த உறையை நானே பிரித்தேன்.

என்னோடு பொதி செய்யும் ஒரு பிள்ளை இருக்கிறார், வவுனியாவிலிருந்து கல்லூரிக்கு வந்தவர், வாரத்தில் சில மணித்தியாலம் வேலை. மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைக் கூட்டிவரலாமா?

மாலைத் தன்னார்வலர் | 2025 ஏப்ரல் 11, காலை 6.40

கட்டாயம் கூட்டிவாருங்கள், அக்கா. பிள்ளையில்லாத முழுநேர மாணவர் என்பதால் தொழிலாளர் கொடுப்பனவு அவருக்கு வராது. ஆனால் இங்கே வதிபவராகக் கணிக்கப்பட்டு 19 வயதும் நிரம்பியிருந்தால் ஜி.எஸ்.ரி. காசு அவருக்கும் உரியது, அறை வாடகை கட்டுகிறார் என்றால் ரில்லியத்தின் வீட்டுவரிப் பகுதியும் பார்க்கலாம். புதிதாக வந்தவருக்கான ஆர்.சி.151 படிவத்தை எடுத்து வைக்கிறேன். கல்லூரிக் கட்டணத்துக்கான ரி2202 துண்டையும் வாடகை அனுப்பிய வங்கிப் பதிவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். செவ்வாய் ஒன்பது மணிக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, நான் கதவைப் பூட்டாமல் இருப்பேன்.